சோளகத்தில் பெய்த மழை

எங்கள் மாமி ஒருவர் வெள்ளாங்குளத்தை விட்டு வெளிக்கிட்ட கதையைச் சொல்லும்போதெல்லாம் அதில் மழை பெய்கிறது. உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் ஏற்றத் தொடங்கும்போது தூறும். துணுக்காய் வீதி பிரிகிற சந்தியைத் தாண்டும்போது கனக்கும். முழங்காவிலில் பெட்டியை நிறுத்தித் தறப்பாளை இழுத்துக் கட்டுவார்கள். அப்படியும் நெல்மூட்டையின் ஒரு மூலை நனைந்து, பிறகு அது முளைவிட்டு, அந்த நெல்லைக் குத்தி ஆக்கிய சோறு ஒரு மாதிரி இனித்தது என்று கதை முடியும். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அந்த மழையோடுதான் பிணக்கு. வெள்ளாங்குளம் இராணுவத்தின் கைக்குப் போனது 2008 ஆகஸ்ட் 2ஆம் திகதி. மன்னார் மாவட்டத்தில் புலிகளிடம் மிஞ்சியிருந்த கடைசிப் பெரிய இடம் அது என்று அன்றைய செய்திகள் சொல்லின. சனம் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. ஆடி மாதம். வருடத்துக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை காணும் கரை இது. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடும். ஆடியில் இங்கே சோளகக் காற்று வீசும், வயல் வெடித்துக் கிடக்கும், தண்ணீர் வற்றிய குளத்துக்குள் ஆடு மேயும், பாலைப்பழம் முடிகிற நேரமாக இருக்கும். எனக்குள்ள நினைவில் முன்னால் போன பெட்டி புழுதிக்குள் மறைந்து மறைந்து தெரிகிறது. எல்லோருடைய இமைமயிரும் கிரவல் நிறத்தில் இருக்கிறது.

இதை அவரிடம் நான் சொன்னதில்லை. "மாமி, அண்டைக்கு மழை இல்லை" என்று ஒரு வசனம் போதும். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று யோசித்தால் கூசுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. நனைந்த சாக்கின் வாடையை, அதை முகர்ந்த மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொல்கிறார். தேடினால் ஒரு விளக்கமும் கிடைக்கிறது. அதே வருடம் கார்த்திகையில் ஒரு புயல் வடக்கை ஊறவைத்துவிட்டு, நவம்பர் 27இல் காரைக்காலுக்குப் பக்கத்தில் கரையேறியது. அதற்கு நிஷா என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். அப்போது எங்கள் ஊர்ச் சனம் கிளிநொச்சியையும் தாண்டி, தர்மபுரம் பக்கத்தில் கிடைத்த காணிகளில் தறப்பாளுக்குக் கீழே இருந்தது. விரித்த பாய் தண்ணீரில் எழும்பியது. மூட்டை நனைந்ததும் முளைவிட்டதும் அங்கேதான் இருக்க வேண்டும். கார்த்திகை மழையை மாமி ஆடிக்கு இழுத்து வந்துவிட்டார், அவ்வளவுதான் என்று கணக்கை முடிக்கலாம். ஆனால் வேறு எதையும் அவர் இடம் மாற்றவில்லையே. எந்த இடத்தில் யாருடைய பெட்டி புதைந்தது, எந்த வீட்டுக்காரர் கிணற்று வாளியைத் தந்தார், எந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தோம் எல்லாம் அப்படியே இருக்கிறது. வானத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்.

இந்த விடயத்தில் தொல்காப்பியம் என் பக்கம் நிற்கும். பிரிவுக்குரிய பாலைக்கு அது கொடுத்த பொழுது வேனிலும் நண்பகலும். காத்திருத்தலுக்குரிய முல்லைக்குக் காரும் மாலையும். போகிறவர்கள் வெயிலில் போக வேண்டும். இருக்கிறவர்கள் மழையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆடி மத்தியானத்தில் புழுதிக்குள் போன எங்கள் பெட்டிகள் அசல் பாலைத் திணை. வழி முழுக்கப் பாலை மரமும் நின்றது. மாமி அதை முல்லைக்கு மாற்றிவிட்டார். மாற்றாமல் என்ன செய்வார்? அவருடைய மூத்தவன் வேறு பாதையால் வருகிறேன் என்று போனவன், மாதக்கணக்கில் வந்து சேரவில்லை. மாமி ஊரை விட்டுப் போன கதையைச் சொல்லவில்லை, மகனைப் பார்த்துக்கொண்டிருந்த கதையைச் சொல்கிறார், அதற்கு மழைதான் வேண்டும் என்று எழுதிவிட்டால் அழகாக இருக்கும். அந்த அழகுதான் எனக்கு ஒத்துவரவில்லை. மகன் பிற்பாடு வந்து சேர்ந்தான், இப்போது பிரான்சில் கடை வைத்திருக்கிறான். மாமிக்கு முல்லை தெரியாது, நெய்தல் தெரியாது. அவருக்குத் தெரிந்த இலக்கியம் வேறு.

அது சினிமா. அல்லது சினிமாவை விட அதிகமாகச் சினிமாப் பாட்டு. 1990க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். சுற்றுகிறவன் களைத்தால் வாசிக்கிறவரின் குரலும் களைத்து இறங்கும். முறை மாற்றி அடுத்தவன் பிடித்ததும் அவர் உற்சாகமாகிவிடுவார். பெரியவர்கள் பி.பி.சி. தமிழோசைக்கும் வெரித்தாஸுக்கும் மட்டும்தான் சுற்ற விடுவார்கள். செய்தி முடிந்ததும் பெட்டையளும் மாமிமாரும் ஒரு பாட்டுக்குக் கெஞ்சுவார்கள். மாரி காலத்து இரவுகளில் எங்கோ மின்னினால் ரேடியோ கரகரக்கும். அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து வருகிற பாட்டிலும் மழை இருக்கும், மழையில் நனைகிற ஒரு பெண் இருப்பாள். (இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தமிழ்நாட்டுக்குத் தமிழ்நாட்டுப் பாட்டையே கேட்கக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று அங்கே இன்றும் கிழவர்கள் உருகுகிறார்கள். குரல் எங்களுடையது, மழை அவர்களுடையது என்று இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சொல்லலாம்.) வெளிக்கூரை தகரம், உள்ளே பாட்டு, பாட்டுக்குள்ளும் மழை, கரகரப்பும் மழை. இவ்வளவையும் வருடக்கணக்கில் கேட்ட காதுக்கு, ஒரு பெரிய துக்கம் காய்ந்த வானத்துக்குக் கீழே நடந்தது என்று நம்பக் கடினமாகத்தான் இருக்கும்.

2002இல் சமாதான காலம் வந்து பாதை திறந்தபோது படங்களும் வந்தன. அந்த வருடம் வந்த மணிரத்னத்தின் கன்னத்தில் முத்தமிட்டால் படத்தை ஜெனரேட்டர் வைத்து ஒரு முற்றத்தில் போட்டார்கள். படம் மாங்குளத்தில் தொடங்குகிறது. எங்கள் சந்தியில் பிரிந்து துணுக்காய், மல்லாவி என்று போகிற வீதி போய் முட்டுகிற மாங்குளம். திரையில் வந்த மாங்குளமோ பச்சைப் பசேலென்று, பாசி பிடித்து, இலை நுனியெல்லாம் ஈரம் சொட்டுகிற ஊர். எனக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து இருந்த ஒரு வயோதிபர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எந்த மாங்குளம் தம்பி, மலைநாட்டுப் பக்கமோ?" என்று கேட்டார். அவர் நக்கலாகக் கேட்கவில்லை. முதிரையும் பாலையும் வீரையும் நிற்கிற உலர்காடு அவருக்குத் தெரியும்; அதன் இலை தூசி பிடித்த பச்சை. எங்களைப் பற்றித் தமிழ்நாட்டார் எடுத்த படத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்தப் படத்தில் நானும் அழுதேன். கமராவுக்கு மழை ஏன் பிடிக்கிறது என்று யோசிக்கிறேன். பவுசரிலிருந்து குழாய் போட்டுப் பெய்யவைத்து, பின்னால் ஒரு விளக்கை நிறுத்தினால் ஒவ்வொரு துளியும் வெள்ளிக் கம்பியாகத் தெரியும். வெயிலைப் படம் பிடித்தால் வெளிச்சம்தான் விழும், எரிவு விழாது. காற்றைப் பிடிக்க முடியாது, அது அசைக்கிற சேலையைத்தான் பிடிக்க முடியும். ஆகவே மழை நடிக்க வந்துவிட்டது, மற்ற இரண்டும் வெளியே நிற்கின்றன. எங்கள் வாழ்க்கையில் பத்து மாதத்துக்கு இருப்பது அந்த இரண்டுதான்.

வரலாற்றுப் புத்தகம் இதைவிட மோசம். அதில் மழையும் இல்லை. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள் என்று ஒரு வரியில் போய்விடும். அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது, வாடையா கச்சானா என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. பாய்க்கப்பலில் வந்து சண்டை பிடித்தவர்களுக்குக் காற்றைத் தவிர வேறு எது முக்கியமாக இருந்திருக்கும்? தப்பி ஓடினவர்களின் எழுத்து மட்டும் வேறு மாதிரி. றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பற்காரனின் கப்பல் 1659இல் இந்தியக் கரையில் புயலில் பாய்மரத்தை முறித்துக்கொண்டு, திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அடுத்த வருடம் கண்டி அரசனின் ஆட்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வருடத்துக்கு மேல் அவனால் தப்ப முடியவில்லை. வடக்குப் பக்கத்தில் மூன்று நான்கு வருடங்கள் மழை பொய்த்து, வழியில் குடிக்கத் தண்ணீர் இல்லாததால் ஓடாமல் காத்திருந்தோம் என்று அவனே எழுதியிருக்கிறான். கடைசியில் 1679 ஐப்பசியில் அருவியாற்றின் கரையைப் பிடித்துக் காட்டு வழியாக வந்து, அரிப்பில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தான். புயல் கொண்டுவந்தது, வரட்சி பிடித்து வைத்திருந்தது. அவன் 1681இல் வெளியிட்ட புத்தகம் டீஃபோவின் ராபின்சன் குருசோவுக்கு உரம் போட்டது என்று சொல்கிற ஆய்வாளர்கள் பலர். குருசோவை வாசித்தவர்களுக்கு அலையும் தீவும் நினைவிருக்கும். அரிப்புக்குப் போகிற வழியின் தாகம் அந்தக் கதைக்குள் வரவில்லை. மழைக்காகக் காத்திருந்து தப்பிய அவனை நினைக்கும்போதெல்லாம், மாமியின் மழைக்கும் ஏதோ ஒரு நியாயம் இருக்குமோ என்று மனம் தளர்கிறது. ஓடுகிறவருக்கு மழை வந்தது என்பது சில வேளை தண்ணீர் கிடைத்தது என்பதாக இருக்கலாம். கிணற்று வாளியைத் தந்த அந்த வீட்டுக்காரரை அவர் மறக்கவில்லை அல்லவா.

மாமியைப் போலத் தன் வானத்தைச் சினிமாவுக்குக் கொடுத்த இன்னொருவர் இருந்தார்; அவருக்காக 1964 புயலுக்கு வருவோம். டிசம்பர் 22 இரவு. அது வவுனியாப் பக்கத்தால் தீவுக்குள் நடந்து, மன்னாரைத் தாண்டித்தான் தனுஷ்கோடிக்குப் போனது. பாம்பனிலிருந்து வந்த ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கடல் எடுத்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடிய கப்பல் பாதை அத்தோடு அறுந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்சக் காலம் ஓடி, எண்பதுகளில் அதுவும் நின்றது. தலைமன்னாரும் அந்த இரவில் அடிபட்டது. ஆனால் புயல் என்றால் தனுஷ்கோடி, தனுஷ்கோடி என்றால் ரயில், ரயிலுக்கு அடுத்தபடியாக ஜெமினி கணேசனும் சாவித்திரியும். அவர்கள் இருவரும் அன்று ராமேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு கிழவர் இருந்தார். அந்த இரவில் இரண்டு மாட்டையும் கூரையையும் இழந்தவர். புயலைப் பற்றிக் கேட்டால், "அது சாவித்திரி நனைஞ்ச புயல் எல்லோ" என்றுதான் தொடங்குவார். தன் மாடுகளுக்கு வர நேரம் எடுக்கும், சில நாட்களில் வந்தே சேரமாட்டார். முன்பு இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது யோசித்தால், அவர் தன் இழப்பை யாரும் கேட்கக்கூடிய இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. இரண்டு மாட்டுக்காக யார் நின்று கேட்பார்கள்? சாவித்திரிக்காக நிற்பார்கள். சினிமா நினைவைக் கெடுக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிட எனக்கு இந்தக் கிழவர் இடம் தரவில்லை.

காற்று யாருக்கும் கதாநாயகனாக வாய்க்கவில்லை என்று சொன்னால் செங்கை ஆழியான் கோபிப்பார். அவருடைய வாடைக்காற்று நாவலும், 1978இல் அதை வைத்து எடுத்த படமும் இருக்கின்றன. வாடை தொடங்கினால் கூழைக்கடா வரும், தொழிலுக்கு வெளியூர் மீனவர்கள் வந்து வாடி போடுவார்கள், காற்று ஓய்ந்தால் போவார்கள். காற்றுத்தான் அதில் நாட்காட்டி. ஈழத்தில் எடுத்த தமிழ்ப் படங்களை விரல்விட்டு எண்ணலாம், அதில் ஒன்றாவது எங்கள் வானத்தைச் சரியாகப் பார்த்தது. மறுபக்கம் ஐரோப்பா. 24 வயதில் பீஸே என்ற பிரெஞ்சு இசைக்காரர் இலங்கை முத்துக் குளிப்பவர்களை வைத்து 1863இல் ஓர் இசை நாடகம் போட்டார். முதலில் அந்தக் கதை மெக்சிக்கோவில் நடப்பதாக இருந்ததாம். பிறகு இங்கே தூக்கி வைத்தார்கள். அதன் இரண்டாம் அங்கத்தில் புயல் அடிக்கிறது, ஊர் அதற்கு ஒரு பெண்ணைக் குற்றம் சாட்டுகிறது. சிலாவத்துறை, அரிப்புக் கடலில் முத்துக் குளிப்பு நடந்ததோ மாசி பங்குனியில், வாடை ஓய்ந்து சோளகம் எழும்புவதற்கு முன்னால், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிற சில வாரங்களில். அலை எழும்பினால் குளிப்பே இல்லை. பாரிஸ் மேடைக்கு அந்தச் சும்மா கிடக்கிற கடல் போதவில்லை. போதாதுதான், வேண்டியது கதை.

இப்போது காற்று வரலாற்றுக்குள் வந்துவிட்டது, மெகாவாட்டாக. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில் திறந்தார்கள். மேலும் கோபுரம் வேண்டாம் என்று 2025இல் மன்னார்ச் சனம் வீதியில் இருந்தது. அதானி கம்பனி மன்னாரிலும் பூநகரியிலும் போடவிருந்த திட்டத்திலிருந்து அந்த வருடம் பெப்ரவரியிலேயே விலகியிருந்தது. எங்கள் கண்ணில் புழுதியை அள்ளிப் போட்ட அதே சோளகத்தை ஓர் அலகு இத்தனை சதம் என்று கொழும்பில் பேரம் பேசினார்கள். அந்த நாட்களில்தான் நான் பத்திரிகையில் முதன்முறையாக எங்கள் காற்றின் வேகத்தை ஒரு எண்ணாக வாசித்தேன். இவ்வளவு பலமாகவா வீசியது, இதற்குள்ளாலா நாங்கள் பெட்டியைக் கொண்டுபோனோம் என்று ஒரு வியப்பு. பாட்டு செய்யாத வேலையைக் கம்பனி அறிக்கை செய்தது என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் நடந்தது.

வானிலையைச் சொல்கிறவர்களும் இப்போது நட்சத்திரங்கள்தான். கார்த்திகை பிறந்தால் எங்கள் பெடியள் தமிழ்நாடு வெதர்மேன் என்ன போட்டிருக்கிறார் என்று போனைத் தட்டுகிறார்கள். கொழும்பு வானொலி அறிக்கை புத்தளம் தொடங்கி மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை என்று எங்கள் முழுக் கரையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகும். வெதர்மேன் படம் போட்டு விளக்குகிறார். ஆனால் சென்னைத் தொலைக்காட்சிகளில் ஒரு வாக்கியம் வரும், அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும்: புயல் இலங்கையைக் கடக்கும்போது வலுவிழக்கும். 2020இல் புரேவி வந்தபோது நாள் முழுக்கச் சொன்னார்கள். டிசம்பர் 2 இரவு கிழக்குக் கரையால் ஏறி, வன்னியைக் குறுக்கே உழுது, மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று ஓய்ந்தது அது. வலுவிழந்தது உண்மைதான். இழந்த வலுவெல்லாம் எங்கே போனது என்று அந்த வாக்கியத்தில் இல்லை. அறிவிப்பாளரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருடைய நேயர்கள் அங்கே இருக்கிறார்கள். இதே புயல் திரும்பி எங்கள் பக்கம் வருமென்றால் நாங்களும் ராமேஸ்வரத்தில் வலுவிழக்கட்டும் என்றுதான் வேண்டுவோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. நாடு முழுக்க அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். மன்னார் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது, எங்கள் பக்கத்திலும் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு தேத்தண்ணிக் கடையில் ஒரு பெடியன் தன் போனைக் காட்டினான். இடுப்பளவு தண்ணீரில் ஒரு மாடு கயிறோடு நிற்கிறது, பின்னால் வேலிக் கதிகால் மட்டும் தெரிகிறது, ஒரு மனிசி தலையில் அரிசிச் சாக்கோடு நடக்கிறா. படம் தெளிவு. பின்னால் ஓடுவது ஒரு சினிமா மழைப் பாட்டு, காதலர் நனைகிற பாட்டு. ஆயிரக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள், பிரான்சிலிருந்தும் கனடாவிலிருந்தும் அழுகிற முகங்களைப் போட்டிருந்தார்கள். இருபது வருடம் கழித்து இவன் தன் பிள்ளைகளுக்கு டித்வாவைச் சொல்லும்போது அந்தப் பாட்டும் சேர்ந்து வரும். மாமிக்கு மழை எங்கிருந்து வந்தது என்று நான் தேடிக் களைத்ததை இவன் கண்ணுக்கு முன்னால் செய்து காட்டுகிறான், அதுவும் இரண்டு விரலால். உண்மையான சத்தத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அசல் வீடியோவைத் தேடி எடுத்தான். சத்தத்தைக் கூட்டி என் காதுக்குக் கிட்டப் பிடித்தான். "அதில ஒண்டும் இல்லை அண்ணை, கேட்டுப் பாருங்கோ. காத்து இரையிறது மட்டும்தான்."